ஓட்டத் தெரிந்தவரெல்லாம் வாத்தியாரா?

குழந்தைக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுக்க வருகிறவர் ஆசிரியப் பயிற்சி பெற்றுத் தேறியவரா என்று சர்க்கார் கேட்கிறது. கேட்க வேண்டியதுதான். குழந்தை ‘ழ’கரத்தைத் தப்பாக எழுதிவிட்டால் யாரும் செத்துப்போக மாட்டார்கள், இருந்தும் கேட்கிறது. ஆனால், ஒரு டன் இரும்பை நம் கையில் ஒப்படைத்து, நடு ரோட்டில் கொண்டுபோய் விட்டு, ‘இனி உன் பாடு’ என்று இறங்கிக்கொள்கிறாரே ஒருவர், அவரைப் பார்த்து, ‘ஐயா, உமக்குக் கற்றுக்கொடுக்கத் தெரியுமா?’ என்று இந்த நாட்டில் யாரும் கேட்பதில்லை. ‘உமக்கு ஓட்டத் தெரியுமா?’ என்று மட்டும் கேட்கிறார்கள். அது வேறு கேள்வி.

அது வேறு கேள்வி என்று ஒப்புக்கொள்ள நம்மவர்களுக்கு மனம் வருவதில்லை. நீந்தத் தெரிந்தவன் நீச்சல் சொல்லிக்கொடுப்பான், சமைக்கத் தெரிந்தவள் சமையல் சொல்லிக்கொடுப்பாள், வண்டி ஓட்டத் தெரிந்தவன் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுப்பான், இதில் தனியாக என்ன வித்தை இருக்கிறது என்பது அவர்கள் கட்சி. பிரமாதமாகச் சமைக்கிற பாட்டியிடம் போய், ‘உப்பு எவ்வளவு போட வேண்டும் பாட்டி?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘அள்ளிப் போட்டால் தானே தெரியும்’ என்பாள். அவள் பொய் சொல்லவில்லை. அந்த அளவு அவள் கைக்குத் தெரிந்திருக்கிறது, வாய்க்குத் தெரியவில்லை. இருபது வருஷம் லாரி ஓட்டியவரின் கதையும் இதுவே. கிளச்சை எந்த இடத்தில் நிறுத்திப் பிடிக்க வேண்டும் என்பது அவர் காலுக்குத் தெரியும். அந்தக் காலின் அறிவை, பயந்து வியர்த்து உட்கார்ந்திருக்கிற இன்னொருவரின் காலுக்கு மாற்றுவது எப்படி? அதற்கென்று ஒரு வித்தை இருக்கிறது. அதை நாம் எந்த டிரைவிங் வாத்தியாருக்கும் கற்றுத் தருவதில்லை. கற்றுக்கொண்டு வந்தாரா என்று விசாரிப்பதுமில்லை.

‘கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை?’ என்று கேட்பவர்கள் உண்டு. நான் தினந்தோறும் ரோட்டில் நடக்கிறவன். சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளைத் தினந்தோறும் பார்க்கிறவன். இந்த விஷயத்தில் அபிப்பிராயம் சொல்ல இதைவிடப் பெரிய யோக்கியதாம்சம் ஒன்று வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் 1989-இல் மத்திய மோட்டார் வாகன விதிகள் வந்தன. அவற்றில் 24-ஆவது விதி, டிரைவிங் ஸ்கூல் வாத்தியாருக்கு என்ன தகுதி வேண்டும் என்று சொல்கிறது. பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். ஐந்து வருஷம் வண்டி ஓட்டிய அனுபவம் வேண்டும். மோட்டார் மெக்கானிக் படிப்புச் சான்றிதழ் வேண்டும். சாலை அடையாளங்கள் தெரிய வேண்டும். வண்டியின் பாகங்களை விளக்கிக் காட்டத் தெரிய வேண்டும். ஆங்கிலமோ பிரதேச மொழியோ தெரிய வேண்டும். பள்ளியில் இருக்க வேண்டிய சாமான்களுக்கும் பட்டியல் உண்டு: கரும்பலகை, கியர் பாக்ஸ், பிரேக் ஷூ, டிரம், பஞ்சர் ஒட்டும் சாமான், முதலுதவிப் பெட்டி. நல்ல பட்டியல்தான். வண்டியின் வயிற்றுக்குள் இருப்பவற்றைப் பற்றி இவ்வளவு அக்கறை எடுத்துக்கொண்ட விதி, ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் மனிதனின் மண்டைக்குள் என்ன நடக்கிறது என்பது வாத்தியாருக்குத் தெரிய வேண்டுமே என்று கவலைப்படவில்லை. ஒரு மாணவரை உட்கார வைத்து, ‘இவருக்குக் கற்றுக்கொடுத்துக் காட்டும், பார்க்கிறேன்’ என்று சொல்கிற பரீட்சை அந்தப் பட்டியலில் இல்லை.

அது பழைய விதி, இப்போது எல்லாம் மாறிவிட்டது என்பார்கள். மாறியது உண்மை. 2021 ஜூலை முதல் ‘அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையம்’ என்று ஒரு புது வகை அமலுக்கு வந்தது. மையத்துக்கு ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டும், சிமுலேட்டர் வேண்டும், சோதனை ஓட்டத் தடம் வேண்டும். கார் பழகுகிறவருக்கு நான்கு வாரத்தில் 29 மணி நேரப் பயிற்சி. அதில் 21 மணி செய்முறை, 8 மணி பாடம். அங்கே தேறியவர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. எல்லாம் முன்னேற்றமே; நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாத்தியாருக்கு என்ன செய்தார்கள்? பத்தாம் வகுப்பைப் பன்னிரண்டாம் வகுப்பாக்கினார்கள். ஐந்து வருஷ அனுபவம் அப்படியே ஐந்து வருஷமாக நிற்கிறது. நிலம் அகன்றது, யந்திரம் வந்தது, மணி நேரம் கூடிற்று. கற்றுக்கொடுக்கும் வித்தை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இதன் பலனைப் பார்க்க வேண்டுமானால் விடியற்காலை ஆறு மணிக்கு ஏதாவது ஒரு நகரத்தின் மைதானத்து ஓரமாய்ப் போய் நில்லுங்கள். சிவப்பு ‘எல்’ எழுதிய கார் ஒன்று வரும். ஸ்டியரிங்குக்கு முன் ஒருவர். பின் ஸீட்டில் தம் முறைக்காகக் காத்திருக்கும் இரண்டு பேர். இடப்பக்கத்து ஸீட்டில் வாத்தியார். வாத்தியாரின் காலடியிலும் கிளச்சும் பிரேக்கும் இருக்கும். ‘கிளச்சை மிதி... கியரைப் போடு... விடு, விடு, மெல்ல விடு... ரைட்டிலே ஒடி... ஐயோ, ஒடிங்கிறேன் இல்லே!’ சொல்லிக்கொண்டே வாத்தியார் கையை நீட்டி ஸ்டியரிங்கை வளைத்துவிடுவார். காலால் பிரேக்கையும் அழுத்திவிடுவார். வண்டி அழகாகத் திரும்பும். திருப்பியது யார்? வாத்தியார். நிறுத்தியது யார்? வாத்தியார். ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் அங்கே ஒரு பொம்மை. ஆனால், தாமே ஓட்டினோம் என்ற பிரமையோடு அவர் இறங்கிப் போவார். அந்தப் பிரமைக்குத்தான் அவர் கட்டணம் கட்டியிருக்கிறார்.

கணக்கையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். பழைய விதிப்படி காருக்கு 21 நாளுக்குக் குறையாத பயிற்சி. அதில் நிஜமாக வண்டி ஓட்டும் நேரம் 10 மணிக்குக் குறையக் கூடாது. அதாவது, தினம் கிட்டத்தட்ட அரை மணி நேரம் வண்டி மாணவர் கையில் இருக்க வேண்டும். மூன்று பேரை ஏற்றிக்கொண்டு, ஆளுக்குக் கால் மணி என்று பங்கு போட்டால், 21 நாளில் ஆளுக்கு ஐந்தே கால் மணி நேரம் தேறும். மீதி நேரம் எங்கே போயிற்று? பதிவேட்டுக்குள் போயிற்று. மாணவர் ஓட்டிய நேரத்தைப் பதிந்து கையெழுத்து வாங்குவதற்கென்றே 15-ஆம் எண் படிவம் ஒன்று இருக்கிறது. நம் ஊரில் படிவங்கள் எப்படி நிரம்பும் என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டுமா?

ஆனால் நேரம் குறைவு என்பதல்ல என் முதல் புகார். பத்து மணி நேரத்தையும் நாணயமாகக் கொடுத்து, அந்தப் பத்து மணி நேரமும் ‘மிதி, விடு, ஒடி, நிறுத்து’ என்று உத்தரவு போட்டுக்கொண்டே இருந்தால் மாணவர் எதைக் கற்றுக்கொள்வார்? உத்தரவுக்குக் கீழ்ப்படியக் கற்றுக்கொள்வார். இடது காதில் குரல் கேட்டவுடன் காலை அசைக்கக் கற்றுக்கொள்வார். லைசென்ஸ் வந்து, முதல் நாள் தனியாக வண்டியை எடுக்கிறார். இடப்பக்கத்து ஸீட் காலியாக இருக்கிறது. அந்தக் குரல் இல்லை. முன்னால் ஒரு ஆட்டோ திடீரென்று ஒதுங்குகிறது; நிற்கும் பஸ்ஸுக்கு முன்னாலிருந்து ஒரு கிழவி ரோட்டைக் கடக்க வருகிறாள். நிறுத்துவதா, ஒதுங்குவதா, ஹாரன் அடிப்பதா என்று தாமாக ஒரு முடிவை அவர் இதுவரை எடுத்ததே கிடையாது. எடுக்க விட்டதே கிடையாது. அவர் எடுக்கப்போகும் முதல் முடிவின் பரிசோதனைப் பொருள், பாவம், அந்தக் கிழவி.

‘அடியாத மாடு படியாது’ என்று பழமொழி சொல்லி இந்த அதட்டலை நியாயப்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ‘நாங்களெல்லாம் கிளீனராக இருந்து, தலையில் குட்டு வாங்கித்தான் தொழில் கற்றோம். இன்றைக்கு எங்களுக்கு ஓட்ட வரவில்லையா?’ என்கிறார்கள். பழமொழி மாட்டைப் பற்றியது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். ஏரில் பூட்டிய மாட்டுக்குப் பின்னால் உழுகிறவன் கடைசிவரை நடந்து வருகிறான். மாடு தானாக யோசிக்க வேண்டிய அவசியமே வருவதில்லை. இங்கே உழுகிறவன் இருபத்தோராம் நாள் இறங்கிப் போய்விடுகிறான். கிளீனர் கதையும் அப்படியே. அந்தப் பையன் வருஷக்கணக்கில் டிரைவரின் பக்கத்தில் உட்கார்ந்து, ராத்திரியும் பகலும் ரோட்டைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டான். அவனுக்குக் கற்றுக்கொடுத்தது அந்த வருஷங்கள். குட்டு அந்தப் பாடத்துக்கு இடைஞ்சலாகத்தான் இருந்திருக்கும். வருஷங்களைக் கொடுக்க முடியாத நாம் குட்டை மட்டும் கொடுக்கிறோம்.

பெண்கள் விஷயத்தில் இந்த அதட்டல் இன்னும் ஒரு படி கீழே இறங்குகிறது. ஐம்பது குழந்தைகளைக் கட்டி மேய்க்கிற பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் கார் பழக வருகிறார். முதல் நாள் வண்டி இரண்டு முறை ஆஃப் ஆகிறது. ‘மேடம், உங்களுக்கு இதெல்லாம் சரிப்படாது, வீட்டுக்காரரை ஓட்டச் சொல்லுங்க’ என்று சிரிப்பு வருகிறது. முதல் நாள் எந்த ஆண்பிள்ளைக்கு வண்டி ஆஃப் ஆகாமல் இருந்திருக்கிறது? பயப்படுகிறவருடைய கண், பானெட்டுக்கு முன்னால் இருக்கும் பத்தடி ரோட்டை விட்டு நகராது. தூரத்தில் வருவது தெரியாது. ஆகவே, பயத்தை உண்டாக்குகிற வாத்தியார், தம் மாணவரின் கண்ணைக் கட்டிவிட்டு ரோட்டைப் பார்க்கச் சொல்கிறார். இது மரியாதைக் குறைவு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். தொழில் தெரியாமை என்பதே என் குற்றச்சாட்டு.

சரி, தொழில் தெரிந்த வாத்தியார் என்ன செய்வார்? ‘கோச்சிங்’ என்ற வார்த்தையை இப்போது எல்லோரும் உச்சரிக்கிறார்கள். பெரிய கம்பெனி மானேஜர்களை நட்சத்திர ஹோட்டலில் உட்கார வைத்துப் பெருந்தொகை வாங்கிக்கொண்டு சொல்லித்தருகிறார்கள். அதன் பூர்வீகத்தைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. டிமொதி கால்வே என்ற அமெரிக்க டென்னிஸ் ஆசிரியர் 1974-இல் ஒரு புத்தகம் எழுதினார். ‘மட்டையை இப்படிப் பிடி, முழங்கையை அப்படி மடக்கு’ என்று உத்தரவு போடுவதைக் குறைத்துக்கொண்டு, மாணவரைப் பந்தைக் கூர்ந்து கவனிக்கச் செய்தால் அவர் தாமாகவே திருந்துகிறார் என்பது அவர் கண்டது. அந்த முறையைக் கம்பெனிகளுக்குக் கொண்டுபோய்ப் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஜான் விட்மோர் என்ற ஆங்கிலேயர். 1992-இல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். அவர் ஆதியில் என்ன தொழில் செய்தார் தெரியுமா? கார்ப் பந்தயக்காரர். 1965-இல் ஐரோப்பிய டூரிங் கார் சாம்பியன்! கார் ஓட்டியவர் பரப்பிய வித்தை மானேஜர்கள் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. நம் மைதானத்து ஓரத்தில் நிற்கும் எல் போர்டுக் காருக்கு மட்டும் வந்து சேரவில்லை.

அந்த வித்தை இன்னதென்று ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். மேம்பாலத்து ஏற்றத்தில் வண்டி ஆஃப் ஆகிவிடுகிறது. பின்னால் நாலைந்து வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன. ஒரு வாத்தியார், ‘எத்தனை தடவை சொல்றது!’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு, தம் காலாலேயே கிளச்சை மிதித்து, வண்டியைக் கிளப்பி, ஏற்றிவிடுகிறார். இன்னொருவர் ஹாண்ட் பிரேக்கை இழுத்துப் பிடிக்கச் சொல்கிறார். ‘அவங்க ஹாரன் அடிக்கட்டும், அவங்களும் ஒரு நாள் பழகினவங்கதான். வண்டி நின்னதே, அதுக்கு முன்னாலே எஞ்சின் சத்தம் எப்படி மாறிச்சு, கவனிச்சீங்களா?’ என்கிறார். ‘இல்லை சார்.’ ‘சரி, இப்போ அதை மட்டும் கவனிங்க. கிளச்சை மெல்ல விடுங்க. சத்தம் கனத்து, வண்டி லேசா நடுங்கும். அந்த இடம் வந்ததும் காலை அப்படியே வெச்சுக்கிட்டு எனக்குச் சொல்லுங்க.’ கால் மெல்ல எழும்புகிறது. ‘வந்திருச்சு சார்!’ அந்த ‘வந்திருச்சு’ என்ற வார்த்தையில்தான் கல்வி இருக்கிறது. அந்த இடத்தை அவர் தாமே கண்டுபிடித்தார். இனி அது அவருடைய சொத்து. நாளைக்கு வேறு காரில், வேறு ஏற்றத்தில், பக்கத்தில் யாரும் இல்லாமல் இருந்தாலும் அதை அவர் தேடி எடுத்துக்கொள்வார்.

இரண்டு வாத்தியார்களுக்கும் ஆன நேரத்தில் ஒரு நிமிஷம்கூட வித்தியாசம் இராது. செலவும் ஒன்றுதான். இரண்டாமவரைத் தேடிப் பிடிப்பதற்குத்தான் அதிர்ஷ்டம் வேண்டியிருக்கிறது. மனித உயிர் சம்பந்தப்பட்ட ஒரு தொழிலில் அதிர்ஷ்டத்தை நம்பியிருப்பது நாகரிகமான ஒரு சமூகத்துக்கு அழகா?

கேள்வி கேட்டுக் கற்பிப்பது என்றவுடன், வாத்தியார் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம். முதல் நாள் எது கிளச், எது பிரேக் என்று சொல்லத்தான் வேண்டும். குறுக்கே ஒரு குழந்தை ஓடி வரும்போது, ‘இப்போது என்ன செய்யலாம் என்று நினைக்கிறீர்கள்?’ என்று கேட்கிறவர் வாத்தியாரல்ல, பைத்தியக்காரர். அங்கே பிரேக்கை அழுத்துவதே பாடம். எப்போது சொல்வது, எப்போது கேட்பது, எப்போது வாயை மூடிக்கொண்டு காலை மட்டும் தயாராக வைத்திருப்பது என்ற விவேகம் இருக்கிறதே, அதுதான் இந்தத் தொழிலின் உயிர். அந்த விவேகம் அனுபவத்தில் தானாகவே வந்துவிடும் என்றால், ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகளையெல்லாம் இன்றைக்கே இழுத்து மூடிவிடலாம்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. 1990-களில் பின்லாந்து தேசத்து ஆராய்ச்சியாளர்கள் ஓட்டுநர் கல்வியை நான்கு படிகளாகப் பிரித்துக் காட்டினார்கள். முதல் படி, வண்டியைக் கையாளுவது. இரண்டாவது, போக்குவரத்தின் நடுவே நடந்துகொள்வது. மூன்றாவது, எதற்காக, யாருடன், எந்த நேரத்தில், எந்த நிலையில் வண்டியை எடுக்கிறோம் என்பது. நான்காவது, அந்த மனிதனின் சுபாவமும் வாழ்க்கை லட்சியமும். மேல்படி கோணலாக இருந்தால் கீழ்ப்படியில் கற்ற திறமை பயன்படாது என்பது அவர்களுடைய சித்தாந்தம். நம் அனுபவமும் அதைத்தானே சொல்கிறது? நள்ளிரவில் மூன்று சிநேகிதர்களை ஏற்றிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் பறக்கிற பையனுக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாமலா விபத்து நேர்கிறது? ஸ்டியரிங் அவனுக்கு நன்றாகவே வரும். ‘இன்னும் அழுத்துடா’ என்று பின் ஸீட்டிலிருந்து வருகிற குரலுக்கு ‘மாட்டேன்’ என்று சொல்லத்தான் அவனுக்கு வராது. நம் பள்ளிகள் முதல் படியிலேயே கடையைக் கட்டிவிடுகின்றன. ‘தம்பி, உன் சிநேகிதங்க வண்டியிலே இருந்தா நீ எப்படி ஓட்டுவே?’ என்று ஒரு வாத்தியார் ஒரு நாள் கேட்டு, அவன் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தால், அந்தப் பத்து நிமிஷம் பத்து நாள் ஸ்டியரிங் பாடத்துக்குச் சமம் என்பேன்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்பவர்களுக்குப் பிரிட்டனைக் காட்டுகிறேன். அங்கே 1935-இல் ஓட்டுநர் பரீட்சை கட்டாயமாயிற்று. 1964-இல் வாத்தியார்களுக்கென்று ஒரு பதிவேட்டைத் திறந்தார்கள். இஷ்டப்பட்டவர்கள் சேரலாம் என்றார்கள். 1970-இல் அதைக் கட்டாயமாக்கினார்கள். காசு வாங்கிக்கொண்டு கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க விரும்புகிறவர் மூன்று பரீட்சைகளில் தேற வேண்டும்: ஒன்று ஏட்டறிவு சம்பந்தமானது, இன்னொன்று ஓட்டும் திறமை, மூன்றாவது கற்பிக்கும் திறமை. தேறிய பிறகும் விட்டுவிடுவதில்லை. நான்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது பரிசோதகர் வந்து, பாடம் நடக்கும்போதே வண்டியில் கூட உட்கார்ந்து கவனிக்கிறார். 2014-இலிருந்து அந்தப் பரிசோதனையில் 17 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் மூன்று மார்க், மொத்தம் 51. மாணவரின் தேவை என்ன என்று வாத்தியார் அறிந்துகொண்டாரா, ஆபத்து வந்தால் யார் பொறுப்பு என்று இருவரும் பேசிக்கொண்டார்களா, மாணவருக்குக் கேள்வி கேட்க இடம் இருந்ததா, வாத்தியார் தலையிட்டது சரியான சமயத்தில்தானா என்றெல்லாம் பார்க்கிறார்கள். வாத்தியாருக்குக் கார் ஓட்ட வருகிறதா என்பது அங்கே கேள்வியே இல்லை. அது என்றோ முடிந்துபோன பரீட்சை.

‘அது வெள்ளைக்காரன் ஊர் ஐயா, நமக்கு ஒத்துவராது’ என்று உடனே ஒரு பதில் வரும். ரோட்டில் இடப்பக்கமாகப் போக வேண்டும் என்பதை யாரிடம் எடுத்துக்கொண்டோம்? சிவப்பு ‘எல்’ பலகையை யாரிடம் எடுத்துக்கொண்டோம்? பலகையை எடுத்து வண்டியில் மாட்டிக்கொண்டு, அந்தப் பலகைக்குப் பின்னால் உள்ள பொறுப்பை மட்டும் கப்பலிலேயே திருப்பி அனுப்பிவிட்டோமா?

இதில் பொதுஜனங்களாகிய நம்முடைய பங்கும் உண்டு. டிரைவிங் ஸ்கூலுக்குப் போனவுடன் நாம் கேட்கும் முதல் கேள்வி என்ன? ‘லைசென்ஸ் எடுத்துக் கொடுத்துடுவீங்களா?’ அந்த வார்த்தையைக் கவனியுங்கள். கற்றுக் கொடுப்பீர்களா என்று கேட்கவில்லை. எடுத்துக் கொடுப்பீர்களா என்று கேட்கிறோம். ரேஷன் கார்டு மாதிரி, ஜாதிச் சான்றிதழ் மாதிரி, அதுவும் எங்கோ இருக்கிற ஒரு காகிதம். யாராவது எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். எட்டுப் போடத் தெரிந்தால் போதும் என்று மோட்டார் சைக்கிள்காரர் நினைக்கிறார். வாழ்நாளில் எந்த ரோட்டிலும் அவர் எட்டுப் போடப்போவதில்லை! நாம் காகிதத்தைக் கேட்கிறோம். பள்ளிக்கூடத்துக்காரர் காகிதத்தைக் கொடுக்கிறார். வியாபாரம் சுத்தமாக முடிந்துவிடுகிறது.

நான் வாத்தியார்களைத் திட்டுவதாக யாரும் எண்ண வேண்டாம். அவர்கள் என் விரோதிகள் அல்ல. இருட்டோடு எழுந்து, முன்பின் தெரியாதவர்களின் கையில் தம் உயிரை ஒப்படைத்துவிட்டு, நாளெல்லாம் வெயிலிலும் புகையிலும் இடப்பக்கம் உட்கார்ந்து வருகிற உழைப்பாளிகள் அவர்கள். மாணவர் இடித்தால் திட்டு முதலாளியிடமிருந்து இவருக்கு. மாணவர் தேறினால் பெயர் பள்ளிக்கூடத்துக்கு. தொழிலில் மேலே வருவதற்கு ஒரு படிப்போ, அந்தப் படிப்புக்கு ஒரு சம்பள உயர்வோ கிடையாது. பத்து வருஷம் சொல்லிக்கொடுத்தவரும் நேற்று வந்தவரும் ஒரே தட்டில். கற்பிக்கக் கற்றுக்கொள்ளாதது இவர்களுடைய குற்றமென்று நான் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கற்றுக்கொடுக்காமல் இவர்களை இந்த ஸீட்டில் உட்கார வைத்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பதில் சொல்ல வேண்டிய கணக்கு சின்னதல்ல. மத்திய சர்க்காரின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்குப்படி, 2022-இல் இந்தியாவின் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். தினம் சராசரியாக 462 பேர். அந்த வருஷம் தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துகள். எண்ணிக்கையில் மற்ற எல்லா மாநிலங்களையும்விட அதிகம். இவ்வளவு பழியையும் டிரைவிங் ஸ்கூல் தலையில் போட்டால் அது அக்கிரமம். குழியான ரோடு இருக்கிறது, குடி இருக்கிறது, வேகம் இருக்கிறது, தலைக்கவசம் போடாத வீரம் இருக்கிறது. ஆனால் குடிக்கக்கூடாது, பறக்கக்கூடாது என்பதை ஒரு மனிதனோடு நிதானமாகப் பேசக் கிடைத்த ஒரே இடம் அந்த 21 நாள். அந்த நாட்களை ‘மிதி, விடு’ என்று கத்தியே தீர்த்துவிட்டோம்.

‘இனி கியர் இல்லாத கார்தான், பிறகு டிரைவரே இல்லாத கார் வரும், வாத்தியார் எதற்கு?’ என்று சொல்லும் புத்திசாலிகளும் உண்டு. கியர் போனால் இடது காலுக்கு ஓய்வு கிடைக்கும். கண்ணுக்கும் புத்திக்கும் கிடைக்காது. உண்மையில், கிளச் வேலை குறைந்தால் அந்த நேரத்தை ரோட்டைப் படிக்கக் கற்றுக்கொடுப்பதில் செலவிடலாம். ஆனால் ‘மிதி, விடு’ மட்டுமே தெரிந்த வாத்தியாருக்குக் கியரில்லாத காரில் சொல்வதற்கு என்ன இருக்கிறது?

என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாமல் குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது எனக்குப் பிடிக்காது. டிரைவிங் ஸ்கூல் லைசென்ஸை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கிறார்கள். அப்போது கட்டடத்தையும் வண்டியையும் பதிவேட்டையும் பார்க்கிற அதிகாரி, அரை மணி நேரம் பின் ஸீட்டில் உட்கார்ந்து ஒரு பாடத்தையும் பார்க்கட்டும். புதிதாக வருகிற வாத்தியாருக்கு மெக்கானிக் சான்றிதழோடு கற்பிக்கும் திறமைக்கும் ஒரு பயிற்சியும் பரீட்சையும் இருக்கட்டும். ஏற்கெனவே இருப்பவர்களுக்குச் சம்பளத்தோடு கூடிய சில நாள் பயிற்சியை, அவர்களுக்குப் புரிகிற தமிழில், அவர்களுடைய அனுபவத்தை மதித்து நடத்தட்டும். பயிற்சி பெற்றவர் பெயருக்கு நேரே அது எழுதப்படட்டும். அதற்கு ஒரு சம்பள உயர்வும் இருக்கட்டும். பெண் வாத்தியார்கள் நிறைய வரட்டும். கற்றுக்கொள்ளப் போகிற நாமும், கட்டணம் எவ்வளவு என்று கேட்பதோடு, ‘தினம் எத்தனை நிமிஷம் வண்டி என் கையில் இருக்கும்? உங்கள் காலைப் பிரேக்கிலிருந்து எந்த நாள் எடுப்பீர்கள்?’ என்ற இரண்டு கேள்விகளையும் கேட்போம். பதில் சொல்லத் திணறுகிற பள்ளியின் படியை விட்டு இறங்கிவிடுவோம்.

வாத்தியார் ஐயா, கடைசியாக உங்களிடம் ஒரு வார்த்தை. சட்டம் திருந்தக் காலம் ஆகும். அதுவரை உங்களைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை. நாளைக் காலை வண்டியில் ஏறுகிற முதல் மாணவரிடம், ‘முன்னாலே போற ஆட்டோ இப்போ என்ன செய்யும்னு நினைக்கிறீங்க?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அவர் முதலில் விழிப்பார். உத்தரவுக்குக் காத்திருந்து பழகியவர் அல்லவா? நீங்கள் காத்திருங்கள். கால் உங்கள் பிரேக்கின் மேல் தயாராக இருக்கட்டும், வாய் மூடியிருக்கட்டும். அவர் ஆட்டோவைப் பார்ப்பார். பிறகு அதற்கு முன்னால் நிற்கும் பஸ்ஸையும் பார்ப்பார். ‘ஆட்டோ ஒதுங்கும் போலிருக்கு சார், நான் கொஞ்சம் மெதுவாப் போறேன்’ என்று அவராகச் சொல்லி, அவர் காலாலேயே பிரேக்கைத் தொடுவார். அந்தக் கணத்தில் நீங்கள் டிரைவர் வேலையை விட்டுவிட்டு வாத்தியார் வேலைக்கு வந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அந்த வேலைக்கு உரிய படிப்பையும் சம்பளத்தையும் மரியாதையையும் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு, கேளுங்கள். நாங்களும் உங்களோடு சேர்ந்து கேட்போம்.